லேமினேஷன் போட்ட இரண்டு வருடம்

கல்லூரியின் ஏழாம் எண் பேருந்தை ஓட்டுகிறவரை எல்லாரும் ஏழாம் நம்பர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளப் பட்டியலில் அவருக்கு முறையான ஒரு பெயர் உண்டு. சம்பளம் போடுகிறவரைத் தவிர யாரும் அதைப் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை. நாற்பதை எட்டிப் பார்க்கிற வயது. கண்ணாடி துடைக்கிற துணி எப்போதும் இடது தோளில் கிடக்கும். யார் சாப்பிடாமல் ஓடி வந்திருக்கிறார்கள், யாருக்கு இன்று பரீட்சை, யார் யாரோடு பேசாமல் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் தலைக்கு மேலே இருக்கும் நீளக் கண்ணாடியிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்தாலும் கேட்க மாட்டார். வண்டியைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டுவார், அவ்வளவுதான்.

கல்லூரிப் பேருந்து ஓட்டுகிற வேலை ஒரு தினுசானது. காலையில் தலை தெறிக்க ஓட வேண்டும். சாயங்காலம் மறுபடியும் தலை தெறிக்க ஓட வேண்டும். நடுவில் இருக்கும் பகல் முழுவதும் என்ன செய்வதென்று தெரியாமல் நீண்டு கிடக்கும். பணிமனைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஓர் அறை ஓட்டுநர்களுக்கு உண்டு. ஒருவர் சீட்டாடுவார், ஒருவர் பெஞ்சில் குறட்டை விடுவார். எல்லாரிலும் மூத்தவரான பெருசு, உலகத்தில் நடக்கும் அத்தனை விஷயத்துக்கும் தீர்ப்புச் சொல்வார். ஏழாம் நம்பர் அண்ணன் மட்டும் தன் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார். அவர் வண்டிக்கு ஒதுக்கிய இடம் வணிகவியல் கட்டடத்தின் நிழலில், மூன்றாம் ஆண்டு வகுப்பின் ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தது. மேலே பாடம் நடக்கும். கீழே ஸ்டியரிங்கில் தலை சாய்த்தபடி அவர் கேட்டுக்கொண்டிருப்பார். பாடம் காதில் விழட்டும் என்றுதான் அவர் இடத்தை மாற்றிக் கேட்கவில்லை. நிழல் நல்ல நிழல் என்று மற்ற ஓட்டுநர்களிடம் காரணம் சொல்லி வைத்திருந்தார்.

ஒருநாள் மேலே பேராசிரியர் தேய்மானம் பற்றி ஏதோ கேட்டார். வகுப்பில் எல்லாரும் குனிந்து நோட்டைப் புரட்டினார்கள். அண்ணன் தன்னை மறந்து கீழேயிருந்து பதில் சொல்லிவிட்டார். பேருந்து ஓட்டுகிறவரின் குரல் மெதுவாக வருமா? ஜன்னல் வழியாக ஒரு வழுக்கைத் தலை எட்டிப் பார்த்தது.

"யாருப்பா அது?"

"டிரைவர் சார்."

"பாதிதான் சரி. மீதி பாதிக்கு மேல வந்து உட்காரு."

வகுப்பே சிரித்தது. அண்ணனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் பேராசிரியர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மதியம் அவரே இறங்கி வந்து வண்டிப் படியில் உட்கார்ந்தார்.

"இதெல்லாம் எங்க படிச்சே?"

அண்ணன் சொன்னார். அவர் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவர்தான். வேறொரு பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்த கல்லூரியில் இரண்டு வருடம் வணிகவியல் படித்தார். நான்கு செமஸ்டர், ஒரு அரியர் கிடையாது. இரண்டாம் வருட விடுமுறையில் அப்பா மரத்திலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். விடுமுறைக்கு மட்டும் என்று டிராக்டரில் ஏறினவர், அதிலிருந்து லாரிக்கு மாறி, லாரியிலிருந்து இந்தப் பேருந்துக்கு வந்து சேர்ந்தார். விடுமுறை இன்னும் முடியவில்லை.

"அப்ப நீ பாஸான ரெண்டு வருஷத்த இங்க கணக்குல எடுத்துக்கிட்டா நேரா மூணாம் வருஷத்துலயே சேரலாமே!"

"எடுத்துக்குவாங்களா சார்?"

"பாடத்துக்குப் பாடம் ஒத்துப் போச்சுன்னா எடுத்துக்கணும். அதுக்குத்தான் ஒரு குழுவே இருக்கு. அந்தக் குழுவுல நானும் இருக்கேன். கூட்டம் போட்டா டீ நல்லாருக்கும்."

இப்படித்தான் அது ஆரம்பித்தது. முதல்வர் அம்மாள் மறுப்பு ஏதும் சொல்லவில்லை. காலைச் சவாரிக்கும் மாலைச் சவாரிக்கும் நடுவில் இருக்கும் நேரத்தில் வகுப்புக்குப் போகலாம் என்றார். ஆனால் ஒரே ஒரு விஷயத்தை உறுதியாகச் சொன்னார்.

"இந்த ஒரு வருஷம்தாம்பா. அடுத்த வருஷம் மதிய வகுப்பு ஆரம்பிக்கிறோம். அப்புறம் பகல்லயும் வண்டி ஓடணும். உங்களுக்கு நேரமே இருக்காது. மூணாம் வருஷத்துல சேர்ந்தா முடிச்சிரலாம். முதல் வருஷத்துலேருந்துன்னா நானே சொல்றேன், வேணாம்."

ஆக, பழைய இரண்டு வருடம் செல்லுபடியானால் பட்டம். இல்லையென்றால் என்றைக்கும் இல்லை. சேர்க்கைக்குக் கடைசி நாள் அடுத்த வாரத்து வெள்ளிக்கிழமை.

பேராசிரியர் பழைய பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தை வலைத்தளத்திலிருந்து எடுத்து, புதியதோடு பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு பாடமாக விரலை ஓட்டினார்.

"இந்தப் பாடம் வாரத்துக்கு எத்தனை மணி நேரம்?"

"நடத்துனதக் கேக்குறீங்களா சார், நான் முழிச்சிருந்ததக் கேக்குறீங்களா?"

"நடத்துனதுக்குத்தான் கிரெடிட். முழிச்சிருந்ததுக்குக் குடுக்கறதா இருந்தா என் வகுப்புல ஒருத்தனும் தேறமாட்டான்."

ஒரே ஒரு பாடம் மட்டும் இடித்தது. கணினி அறிமுகம் என்று முதலாண்டில் ஒரு தாள் இங்கே இருந்தது. பழைய கல்லூரியில் அது இல்லவே இல்லை. "அத மட்டும் முதல் வருஷப் பசங்களோட உட்கார்ந்து எழுதிடு. மத்ததெல்லாம் ஒத்துக்கலாம்" என்று குழு முடிவு செய்தது. அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. கடைசி வேலை ஒன்றுதான் பாக்கி. அசல் மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் அலுவலகத்து முத்திரை விழ வேண்டும்.

அந்த முத்திரை சீல் சாரின் கையில் இருந்தது. பிரிவு அலுவலர் என்பது அவருடைய பதவி. சீல் சார் என்பது கல்லூரி கொடுத்த பட்டம். மேசையில் முத்திரைகளை உயர வரிசைப்படி நிற்க வைத்திருப்பார். குத்துவதற்கு முன் தன் கட்டைவிரலில் ஒருமுறை ஒற்றிப் பார்த்துக்கொள்வார். அதனால் அவருடைய கட்டைவிரல் வருடம் முழுக்க ஊதா நிறத்திலேயே இருக்கும்.

செவ்வாய்க்கிழமை அண்ணன் நான்கு பட்டியல்களையும் பெருமையோடு அவர்முன் பரப்பினார். சீல் சார் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் ஆட்டினார். அது தகடு மாதிரி 'டப் டப்' என்றது.

"என்னப்பா இது?"

"மார்க் ஷீட் சார்."

"மார்க் ஷீட்டு உள்ள இருக்கு. வெளிய என்ன?"

"லேமினேஷன் சார்."

"ஒரிஜினலுக்கா?"

"ஒரிஜினல்ங்கறதாலதான் சார்."

சீல் சார் கட்டைவிரலில் ஒற்றினார். பின்பக்கத்தில் ஒரு குத்துக் குத்தினார். வட்டமாக அழகாகத்தான் விழுந்தது. பிறகு கைக்குட்டையால் ஒரு இழுப்பு இழுத்தார். முத்திரை இருந்த இடமே தெரியவில்லை.

"பாத்தியா? நிக்காது. பின்னாடி சீல் அழியாம நிக்கணும், அதுமேல முதல்வர் கையெழுத்து போடணும். இல்லன்னா இதே மார்க்க நாளைக்கு வேற காலேஜ்ல காட்டி இன்னொரு தடவ சேர்ந்துருவ."

"சார், எனக்கு இந்த ஒரு தடவைக்கே மூச்சு முட்டுது."

"உன்னச் சொல்லலப்பா, ரூல்ஸச் சொல்றேன். இத உரிச்சுக் கொண்டா. இல்ல வேற கொண்டா. வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டா."

அந்த லேமினேஷனைப் போட்டது யார் என்று சீல் சார் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அண்ணன் பொய் சொல்லியிருப்பார். போட்டது அண்ணி.

அண்ணி எட்டாம் வகுப்போடு நின்றவர். வீட்டில் தையல் இயந்திரம் வைத்துத் தெருவுக்கே தைத்துக் கொடுப்பவர். கல்யாணமான புதிதில் அண்ணனின் பெட்டியைத் துடைக்கும்போது அடியில் நான்கு காகிதங்கள் ஓரம் மடங்கிக் கிடந்ததைக் கண்டார். என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டார். தெருமுனை ஜெராக்ஸ் கடைக்கு லேமினேஷன் இயந்திரம் வந்த வாரம், தைத்துச் சேர்த்த காசில் நான்கையும் போட்டு வாங்கி வந்து, கல்யாண நாள் அன்று கணவன் கையில் கொடுத்தார். "இனிமே இதுக்கு ஒண்ணும் ஆகாது" என்று அன்றைக்கு அவர் சொன்னபோது அந்த முகம் எப்படி இருந்தது என்பது அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும். அதன் பிறகு அண்ணிக்கு அதுவே பழக்கமாகிவிட்டது. மகளின் தடுப்பூசி அட்டை, குக்கரின் உத்தரவாத அட்டை, மகள் ஓட்டப் பந்தயத்தில் வாங்கிய சான்றிதழ், பல் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு, எல்லாமே பிளாஸ்டிக்குக்குள் போய்ப் பத்திரமாகிவிட்டன. அந்த வீட்டில் மழை பெய்து வெள்ளம் வந்தாலும் காகிதம் மட்டும் நனையாது.

இப்போது அவரிடம் போய், உன்னால்தான் என் படிப்பு நிற்கிறது என்று எந்த வாயால் சொல்வது? "ஆபீஸ்ல கொஞ்சம் வேலை பாக்கி" என்று மட்டும் வீட்டில் சொல்லி வைத்தார்.

புதன்கிழமை ஓட்டுநர் அறையில் மாநாடு கூடியது.

"ஃபிரிட்ஜில வெச்சா தானா உரிஞ்சிரும்" என்றார் ஐந்தாம் நம்பர்.

"அது மீனுக்குடா" என்றார் பெருசு. "எதுவா இருந்தாலும் சூடுதான் வழி. சூட்டுல ஒட்டுனது சூட்டுலதான் விடும். இஸ்திரிப் பெட்டி கொண்டா."

"நேரா மார்க் ஷீட்ல வெக்க வேணாம்ணே. வேற ஒண்ணுல பாத்துக்கலாம்" என்றார் அண்ணன். சட்டைக்குள்ளிருந்து குக்கர் உத்தரவாத அட்டையை எடுத்தார். வீட்டில் யாரும் தேட மாட்டார்கள் என்று கணக்குப் போட்டுக் காலையிலேயே உருவிக்கொண்டு வந்திருந்தார்.

விடுதிக் காப்பாளரிடம் இரவல் வாங்கிய இஸ்திரிப் பெட்டி சூடானது. பெருசு அட்டையின் மேல் ஒரு துணியை விரித்து, சட்டைக் காலருக்குத் தேய்ப்பது போல நிதானமாகத் தேய்த்தார். ஓட்டுநர்கள் எல்லாரும் சீட்டுக்கட்டைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றி நின்றார்கள். துணியை எடுத்தபோது அட்டை ஒருமுறை நெளிந்தது. பிறகு குழல் மாதிரி சுருண்டு, மேசை விளிம்பிலிருந்து தானாகக் கீழே குதித்தது. பிரித்துப் பார்த்தால் எழுத்தெல்லாம் பிளாஸ்டிக்கோடு போயிருந்தது. காகிதம் வெள்ளை வெளேரென்று இருந்தது. அறை முழுக்கக் கருகின வாடை.

"உரிஞ்சிருச்சுல்ல?" என்றார் பெருசு விட்டுக்கொடுக்காமல்.

"உரிஞ்சிருச்சுண்ணே. அட்டையையும் சேத்து உரிச்சிட்டீங்க."

அன்று மாலை வண்டியை ஓட்டும்போது அண்ணனுக்குப் பாதையே தெரியவில்லை. நிற்க வேண்டிய நிறுத்தத்தை அவர் தாண்டிப் போனபோது பின்னாலிருந்து ஒரு பெண் "அண்ணே, என்னையும் உங்க வீட்டுக்கே கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கத்தினாள்.

வீட்டில் நுழைந்ததும் மகள் வாசலிலேயே செய்தி சொன்னாள்.

"அப்பா, அம்மா பயங்கரக் கோவத்துல இருக்கு. குக்கர் கார்டு காணோமாம்."

அண்ணி தையல் இயந்திரத்தின் முன் கோப்பை விரித்து வைத்து உட்கார்ந்திருந்தார். நகைப் பெட்டி வைத்திருக்கிறவர்கள் நகையை எண்ணுவது போல, அவர் தன் பளபளப்பு அட்டைகளை அவ்வப்போது எடுத்துப் பார்ப்பது வழக்கம். இது அண்ணனுக்குத் தெரியாது.

"ஏங்க, குக்கர் கார்ட யாரு எடுத்தா?"

"குக்கர்தான் நல்லா வேலை செய்யுதே."

"நான் குக்கரக் கேக்கல. கார்டக் கேட்டேன்."

"அது... எங்கயாவது இருக்கும்."

"உங்க சட்டையில என்ன கருகின வாசன? மூஞ்சி ஏன் இப்படிச் சுண்டிப்போயிருக்கு? என்ன பண்ணுனீங்க?"

மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். தப்பிக்க வழியில்லை. அண்ணன் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். சீல் நிற்காதது, ரூல்ஸ், வெள்ளிக்கிழமை, இஸ்திரிப் பெட்டி, எதையும் விடவில்லை.

அண்ணி கோப்பை மூடினார். சக்கரத்தைக் கையால் சும்மா ஒருமுறை சுற்றினார். அண்ணனுக்கு அதுதான் தாங்கவில்லை.

"நீ நல்லதுக்குத்தானே பண்ண" என்றார்.

"நல்லதுக்குப் பண்ணி, உங்க படிப்புக்கு நானே மூடி போட்டு ஒட்டி வெச்சிருக்கேன்."

"அப்படி இல்லம்மா."

"பின்ன எப்படி? எட்டாங் கிளாஸு படிச்சவ பண்ற வேலதானே பண்ணியிருக்கேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் கோபம் திரும்பி வந்துவிட்டது. "அத ஏன் என்கிட்ட முதல்லயே சொல்லல? நான் என்ன அழுதுருவேனா?"

"இப்ப அழுதிருக்கியேம்மா" என்றாள் மகள்.

"நீ சும்மா இரு. ஏங்க, அந்த ஆபீசர் 'வேற கொண்டா'ன்னாரே, வேற எங்க குடுப்பாங்க?"

"பழைய பல்கலைக்கழகத்துல. ஆனா அதுக்கு எத்தனை மாசம் இழுப்பானோ."

"போய்க் கேட்டாதானே தெரியும்? நாளைக்குக் காலைல முதல் வண்டி. நானும் வர்றேன். போட்டவ நான், என்னக் கேட்டா நானே பதில் சொல்லிக்கறேன்."

வியாழக்கிழமை ஏழாம் நம்பர் வண்டியைப் பெருசு ஓட்டினார். இஸ்திரிப் பெட்டிக்குப் பரிகாரம் என்று அவரே சொன்னார். அண்ணனும் அண்ணியும் வெளியூர்ப் பேருந்தில் ஏறி அருகருகே உட்கார்ந்தார்கள். வாழ்நாள் முழுக்க முன்னால் உட்கார்ந்தவருக்குப் பயணியாக உட்கார வரவில்லை. ஒவ்வொரு வளைவிலும் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. முன்னால் ஒரு மாடு குறுக்கே வந்தபோது அண்ணியின் காலையே மிதித்துவிட்டார்.

"ஏங்க, கால வெச்சுக்கிட்டுச் சும்மா வாங்க. வண்டிய அவரு ஓட்டுறாரு."

"பிரேக் லேட்டாப் போடுறாரு."

"எங்கால்ல போட்டா மட்டும் நின்னுருமா?"

முந்தின நாள் மாலையிலிருந்து அண்ணி சிரித்தது அப்போதுதான்.

பழைய பல்கலைக்கழகம் அண்ணன் நினைவில் இருந்ததைவிடச் சின்னதாக இருந்தது. சான்றிதழ்ப் பிரிவு நீண்ட தாழ்வாரத்தின் கடைசியில். அண்ணன் வழியெல்லாம் ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். அறியாமையால் நேர்ந்த பிழை, குடும்பச் சூழ்நிலை, தாழ்மையான வேண்டுகோள் என்று அது நீளமாகப் போனது. வாயில் அதை முணுமுணுத்தபடி வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

அண்ணி வரிசையைப் பார்த்தார். பிறகு கணவனின் முழங்கையைப் பிடித்துக் கிள்ளினார்.

"ஏங்க. அவங்க கையப் பாருங்க."

அண்ணன் பார்த்தார். அவருக்கு முன்னால் நின்ற பெரியவரின் கையில் ஒரு பட்டியல் பளபளத்தது. அதற்கு முன்னால் நின்ற இளம்பெண்ணின் கையில் ஒன்று. அதற்கும் முன்னால் ஒரு தாய் தன் மகனோடு நின்றார். அவர் நெஞ்சோடு அணைத்திருந்ததும் அதுதான். வரிசை முழுக்க ஜன்னல் வெளிச்சம் பட்டுப் பளிச் பளிச்சென்று மின்னியது. யாராவது நகர்ந்தால் 'டப் டப்' என்ற அதே சத்தம்.

"எல்லாமா?" என்றார் அண்ணன் வாயைப் பிளந்தபடி.

முன்னால் நின்ற பெரியவர் திரும்பினார். "நீங்களும் அதானா? வாங்க வாங்க. நான் எம்பொண்ணோடத போட்டேங்க. போட்டது மட்டுமில்ல, ஃபிரேம் அடிச்சு, சுத்தி கலர் பல்பு போட்டு, மாட்டிட்டேன். மேல படிக்கக் கேக்கறாங்கன்னு வந்து கழட்டுறா. என்னப் பாத்த பார்வை இருக்கே!"

"பல்பையும் கொண்டாந்திருக்கலாம்பா, இங்க இருட்டாத்தான் இருக்கு" என்றாள் அவருக்கு முன்னால் நின்ற இளம்பெண். அவள்தான் அந்த மகள்.

மகனோடு வந்திருந்த தாய் சொன்னார்: "உங்களுது பரவால்லங்க. நான் இவன் பரீட்ச ஹால் டிக்கெட்டுக்கே போட்டுட்டேன். அதுல சார் கையெழுத்து போடணுமாம். பேனா வழுக்கிக்கிட்டே போகுதாம். இவன் பரீட்சைய விட்டுட்டு ஹால் டிக்கெட்டச் சொறண்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கான்."

"கால் மணி நேரம் சொறண்டுனேன்க்கா" என்றான் மகன். "அப்பவும் பாஸ்."

அண்ணியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நேற்றைக்குச் சக்கரத்தைச் சும்மா சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தவரா இவர் என்று கேட்கத் தோன்றும். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, யார் வீட்டில் யார் போட்டது, எந்த வருடம் போட்டது, ஓரம் விட்டதா இல்லையா என்று ஒவ்வொருவராக விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். ஓரத்தில் காற்று புகாமல் போடுவது எப்படி என்று ஒரு பாட்டம் விளக்கமும் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த பெரியவரின் மகள், "அக்கா, போடக் கூடாதுங்கறதுக்குத்தான் நாம எல்லாரும் இங்க நிக்கிறோம்" என்றதும் வரிசையே சிரித்தது. அண்ணியும்தான்.

அந்த வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் ஒரு ஒற்றுமை இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் முதல்முதலாக ஒருவர் படித்திருந்தார். மற்றவர்கள் அந்தக் காகிதத்தை என்ன செய்வதென்று தெரியாமல், தங்களுக்குத் தெரிந்த மிகப் பெரிய மரியாதையை அதற்குச் செய்திருந்தார்கள்.

ஜன்னலுக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் இருந்தார். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச்சைத் தொடங்கினார்.

"மதிப்பிற்குரிய அம்மா, அறியாமையினால் நேர்ந்த..."

"லேமினேஷனா?"

"ஆமாம்மா."

"யாரு போட்டது? அம்மாவா, அப்பாவா?"

"நான்தாங்க" என்று அண்ணி முன்னால் வந்தார். "இவரு சம்சாரம்."

அம்மாள் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "சம்சாரமா? அம்மாதான் நிறைய வரும். அப்பா கொஞ்சம் வரும். சம்சாரம் அபூர்வம்." பிறகு ஒரு பட்டியலை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "நல்லாப் போட்டிருக்கீங்க. ஒரு குமிழி கூட இல்ல."

இதை அண்ணி வீட்டுக்கு வந்த பிறகும் பல பேரிடம் சொன்னார்.

"எப்பம்மா கெடைக்கும்? நாளைக்குக் கடைசி நாள்" என்றார் அண்ணன்.

"காலைல குடுத்தா சாயங்காலம். லேமினேஷனுக்குன்னே தனியா ஒரு மெஷின் ஓடுது. அவ்வளவு பேர் வர்றாங்க. ஆனா பழசு நாலையும் ரத்து பண்ணிருவேன், சரியா?"

அம்மாள் 'ரத்து' என்ற முத்திரையை எடுத்தார். பளபளப்பைப் பார்த்தார். முத்திரையைக் கீழே வைத்துவிட்டார். "இதுல எதுவும் நிக்காதே" என்று தானே சொல்லிக்கொண்டு, துளை போடும் கருவியால் ஒவ்வொன்றிலும் மேலே நடுவில் ஒரு ஓட்டை போட்டார்.

"இத நாங்க எடுத்துட்டுப் போலாமா?" என்று அண்ணி கேட்டார்.

"செல்லாதும்மா."

"செல்ல வேணாங்க. ஆணியில மாட்ட ஓட்டை நீங்களே போட்டுட்டீங்க. செவுத்துல இருந்துட்டுப் போகுது."

மாலையில் கைக்கு வந்தவை வெறும் காகிதங்கள். ஓரம் கூர்மையாக, மை வாசனையோடு இருந்தன. திரும்பி வரும் பேருந்தில் அவற்றை அண்ணி மடியில் வைத்துக்கொள்ளப் பயந்தார். "என் கையில குடுக்காதீங்க. எனக்கே நம்பிக்க இல்ல. ஜெராக்ஸ் கடை தெறந்திருந்தா நான் என்ன பண்ணுவேனோ" என்றார்.

வெள்ளிக்கிழமை காலைச் சவாரியை முடித்ததும் அண்ணன் துணியைத் தோளிலிருந்து எடுக்கக்கூட மறந்து அலுவலகத்துக்கு ஓடினார். சீல் சார் ஒரு பட்டியலை எடுத்து மேல் மூலையைப் படித்தார். நெற்றி சுருங்கியது.

"இரண்டாம் பிரதின்னு போட்டிருக்கு."

அண்ணன் குனிந்து அந்த மூலையைப் பார்த்தார். "அவங்களே குடுத்தது சார்..."

"தெரியுது. இரு." சீல் சார் காகிதத்தைத் திருப்பினார். பின்பக்கத்தை உள்ளங்கையால் தடவினார். முத்திரையை எடுத்துக் கட்டைவிரலில் ஒற்றிப் பார்த்தார். பிறகு பலமாக ஒரு குத்து. ஊதினார். கைக்குட்டையால் இழுத்தார். முத்திரை அசையவில்லை.

"பல்கலைக்கழகமே குடுத்தா இரண்டாம் பிரதியும் எனக்கு ஒரிஜினல்தான். நிக்குது பாரு!" என்றார். அண்ணனைவிட அவருக்குத்தான் சந்தோஷம் அதிகம் போலிருந்தது. மீதி மூன்றிலும் அடுத்தடுத்துக் குத்தினார். "போ. முதல்வர்கிட்ட கையெழுத்து வாங்கு. போற வழியில எங்கயும் ஒட்டிராத."

மதியத்துக்குள் கையெழுத்து ஆகிவிட்டது. இரண்டு வருடம், நான்கு செமஸ்டர், அத்தனை பாடமும் கணக்கில் ஏறியது. அண்ணன் வீட்டுக்குப் போன் செய்தார். அந்தப் பக்கம் தையல் இயந்திரம் ஓடுகிற சத்தம் சட்டென்று நின்றது. பிறகு அண்ணி தெருவுக்கே கேட்கிற மாதிரி மகளைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

திங்கட்கிழமையிலிருந்து அண்ணன் மூன்றாம் ஆண்டு மாணவர். ஜன்னலுக்குக் கீழே நின்ற வண்டியை மேலேயிருந்து பார்ப்பது அவருக்கே வேடிக்கையாக இருந்தது. பின்கண்ணாடி அழுக்காக இருந்ததையும் அன்றைக்குத்தான் கவனித்தார். பேராசிரியர் வருகை எடுத்தபோது, சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்த அந்தப் பெயர் முதல்முதலாக உரக்கக் கேட்டது. யாரது என்று வகுப்பு சுற்றிப் பார்த்தது. "உள்ளேன் ஐயா" என்ற குரல் வந்ததும் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. அந்தக் குரலில் "உள்ள போ, உள்ள போ" என்றுதான் அவர்கள் கேட்டுப் பழக்கம்.

பாக்கி இருந்தது கணினி அறிமுகம். அது முதலாண்டுக்குக் கடைசி மணி நேரத்தில் நடந்தது. அந்த வகுப்பின் ஆசிரியருக்கு ஒரு வழக்கம் உண்டு. மணி அடித்தாலும் நிறுத்த மாட்டார். "இன்னும் ரெண்டே நிமிஷம்" என்று தொடங்கினால் அது கால் மணி நேரத்தில் போய் முடியும். பேருந்துகள் வெளியே உறுமிக்கொண்டு நிற்கும். பிள்ளைகள் பையை மடியில் வைத்துக்கொண்டு தவிப்பார்கள். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஏழாம் நம்பரில் வரும் பிள்ளைகள் தாமதமாக ஓடி வந்து அண்ணனிடம் திட்டு வாங்குவது அந்த வகுப்பினால்தான் என்பது அண்ணனுக்கு அதுவரை தெரியாது.

முதல்நாள் மணி அடித்தது. ஆசிரியர் திரும்பாமலே "இன்னும் ரெண்டே நிமிஷம்" என்றார். பின்வரிசையில் அண்ணன் எழுந்து நின்றார்.

"என்னப்பா?"

"சார், நான் போகணும்."

"மணி அடிச்சா உடனே ஓடணுமா? மத்தவங்க எல்லாம் உட்காரலையா?"

"அவங்க உட்கார்ந்திருக்கலாம் சார். ஆனா நான் போகலன்னா அவங்க யாரும் வீட்டுக்குப் போக முடியாது. வண்டிச் சாவி என்கிட்ட இருக்கு" என்று சாவியை எடுத்துக் காட்டினார்.

ஆசிரியர் சாக்கட்டியோடு அப்படியே நின்றார். வகுப்பில் பாதிப் பேர் ஏழாம் நம்பர்காரர்கள். அவர்கள் மூச்சுவிடாமல் அவரையே பார்த்தார்கள். அவர் சாவியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, கிளம்புங்க. எல்லாரும் கிளம்புங்க."

அன்று ஏழாம் நம்பர் வண்டி வாயிலை விட்டு எல்லா வண்டிக்கும் முன்னால் புறப்பட்டது. உள்ளே பாட்டும் கூத்துமாக இருந்தது. செய்தி மறுநாள் காலைக்குள் கல்லூரி முழுக்கப் பரவிவிட்டது. கடைசி மணி நேரத்தில் இயற்பியல் படிக்கும் இரண்டு பெண்கள் படியில் ஏறும்போதே அண்ணனைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அண்ணே, எங்க கிளாஸ்லயும் ஒரு பேப்பர் எழுதுங்கண்ணே. எங்க சாரும் விடவே மாட்டேங்கறாரு."

"என்ன பாடம்?"

"குவாண்டம் அண்ணே."

"அதுல எனக்குக் கிரெடிட் கெடையாதும்மா" என்று சொல்லிவிட்டு, நீளக் கண்ணாடியில் பின்னால் யாரும் நின்றுகொண்டிருக்கவில்லை என்று பார்த்துக்கொண்டு, ஏழாம் நம்பர் அண்ணன் முதல் கியரைப் போட்டார்.